பாலத்துக் காசில் வந்த பஸ்

எனக்கு அந்தப் பாலத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது. பாலம் என்ன செய்யும் பாவம், அது பாட்டுக்குத் தண்டவாளத்துக்கு மேலே கிடக்கிறது. அதில் ஏறுகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, சாலைக்குக் குறுக்கே ஒரு கம்பை வைத்து, 'பாலக் கட்டணம், மலைச்சுற்றுப் பேருந்துகளுக்காக' என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். பலகையில் ஒரு பஸ் படமும் உண்டு. பஸ்ஸுக்குள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஊர் பஸ்ஸில் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் பிழைப்பு தண்ணீர் கேன். தண்ணீர் நிரப்பும் இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். வாங்குகிற லாட்ஜ், கடை, வீடு எல்லாம் திருவண்ணாமலைக்குள்ளே, இந்தப் பக்கம். குட்டியானை வண்டியில் கேனை அடுக்கிக்கொண்டு எத்தனை நடை வருகிறேனோ அத்தனை தடவை அந்தக் கம்புக்கு முன்னால் நின்று காசு நீட்ட வேண்டும். கட்டணம் வரப்போகிறது என்றபோது கேன் வண்டிக்காரர்கள் எல்லோரும் வாயில் வந்தபடி ஏசினார்கள். நான் மட்டும் ஏசவில்லை. கொடுத்துத் தொலைக்கலாம், பஸ் வந்தால் சரி என்று நினைத்தேன். காரணம் என் தங்கை. "உன் தங்கச்சி பஸ்ல போறதுக்கு நாங்க எல்லாம் மொய் வெக்கணுமாடா?" என்று கூட ஓட்டுகிறவர்கள் கிண்டல் செய்தார்கள்.

நாங்கள் இருப்பது அடி அண்ணாமலையில், மலைக்குப் பின்பக்கம். அவளுக்கு வேலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு சின்ன காபிக் கடையில். அங்கே கேக் போடுவது அவள்தான். பத்தாவது தாண்டாதவள், கேக்கில் பட்டைத்தூள் எவ்வளவு போட வேண்டும் என்று இத்தாலிக்காரி ஒருத்தியோடு சண்டை போட்டு ஜெயித்தவள். புருஷன் பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு இவளை ஒரு வேன் இடித்து, முட்டிக்குக் கீழே கம்பி வைத்துவிட்டார்கள். நிற்பாள், கொஞ்ச தூரம் நடப்பாள், அதற்கு மேல் போனால் கால் வீங்கிவிடும்.

"உன் சோத்த சும்மா உக்காந்து துன்னா உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாண்ணா. எனக்குத்தான் தொண்டைல எறங்காது" என்பாள்.

தனி ஆட்டோ வைத்தால் கூலியில் பாதி அதற்கே போய்விடும். ஷேர் ஆட்டோ எல்லாம் டவுன் பக்கம்தான் போகும். நானோ விடிவதற்கு முன்பே தண்ணீர் பிடிக்கப் போகிறவன். தெருமுனையில் ஏறி ஆசிரமத்து வாசலில் இறங்க ஒரு பஸ், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அது இருந்தால் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்துவிடுவாள்.

கட்டணத்தைப் பற்றிப் பேச, செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மலையைச் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பாலத்தில் வசூலாகும் பணத்தில் இரண்டு சின்ன பஸ் வாங்கப்போகிறோம், ஒன்று மலையை வலமாகச் சுற்றும், இன்னொன்று எதிர்ப் பக்கமாகச் சுற்றும் என்று ஓர் அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். தங்கை சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளினாள். அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் எழுந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தன் நிலத்தில் வெளியூர்க் கார்களை நிறுத்த விட்டே மாடி வீடு கட்டியவர்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணாமலையார வலமாத்தான் சுத்தணும். எதிர்ச் சுத்தா ஒரு பஸ்ஸு, அதுவும் நம்ம காசுலயே ஓடுச்சுன்னா அந்தப் பாவம் ஊருக்கே வந்து சேரும்."

மண்டபமே "அரோகரா" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தினவர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான் பைக்கில் எதிர்ப் பக்கமாக அந்த மண்டபத்துக்கு வந்தவர்கள். பெரிய மனிதருடைய காரும் அப்படித்தான் வந்து வாசலில் நின்றிருந்தது. அதிகாரி முதலில் விழித்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் குசுகுசுவென்று ஏதோ கேட்டுவிட்டு, "மக்களோட நம்பிக்கைக்கு மதிப்பு குடுக்கறோம், ரெண்டு வண்டியும் வலமாவே ஓடும்" என்றார். இன்னும் பலமாக ஓர் அரோகரா.

தங்கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப எங்க ஊர்லேர்ந்து இந்த ரோட்டுக்கு வேலைக்கு வர்றவங்க இன்னா பண்றதுங்க? எதிர்ல வந்தா கிட்ட. வலமா வந்தா காஞ்சி ரோடு, பஸ் ஸ்டாண்டு, தேரடின்னு டவுனு பூரா சுத்திக்கினு இல்ல வரணும்?"

"சுத்தினா புண்ணியம்மா" என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி, "சாமி காரியத்துல குறுக்க பேசாத, உக்காரு" என்றாள். சீ, என்ன ஜனம் இது! அந்த அம்மாவுக்கும் எங்கள் ஊர்தான். அவள் பெண்ணும் செங்கம் ரோட்டில்தான் ரூம் கூட்டுகிற வேலைக்குப் போகிறாள்.

பஸ் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் மலைப் படம் வரைந்து, வாழைமரம் கட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டினார்கள். முதல் நாள் எங்கள் தெருப் பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு அந்த பஸ் தங்கம். ஆசிரமத்தில் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் எங்கள் தெருமுனை. காலையில் வேலைக்குப் போவதுதான் கண்றாவி. குபேர லிங்கத்தைத் தாண்டி, காஞ்சி ரோட்டில் ஏறி, ஈசானியத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். டிரைவர் டீ குடிக்கணும், கண்டக்டர் கூவணும், கூட்டம் ஏறணும். அப்புறம் தேரடியில் ஒரு நெரிசல். இவள் போய்ச் சேருவதற்குள் கடையில் காலைக் கூட்டம் சாப்பிட்டு முடித்து, தியானத்துக்குப் போயிருக்கும்.

"நம்ம ஊர்க்காரங்க தயவுல தினம் முக்கால் கிரிவலம் வர்றேண்ணா. செத்தா நேரா கைலாசம்தான்" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிந்தது.

கோயிலில் பூஜை செய்கிற ஒரு குருக்கள் வீட்டுக்கு நான் கேன் போடுகிறேன். வயிற்றெரிச்சல் தாங்காமல் அவரிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பிரதட்சிணம் காலால நடக்கறவாளுக்குப்பா. பஸ்ஸு டீசல்ல ஓடறது, அதுக்கு ஏது வலமும் இடமும்? எங்கள ஒரு வார்த்தை கேட்டாளா?" என்றார். யார் கேட்டார்கள்? சாமியைத் தொட்டுப் பூஜை செய்கிறவரைக் கேட்காமல், கார் நிறுத்திக் காசு பார்க்கிறவரைக் கேட்டு சாமி விஷயத்தை முடிவு செய்திருக்கிறார்கள். தூ!

குருக்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு, பஸ் விடுகிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள். "ஜனங்களே கேட்டு வாங்கினதுங்க அது. நாங்க மாத்தினா பெரிய பிரச்சனை ஆயிடும்" என்றாள். பாலத்தில் காசு வேண்டாம் என்றும் ஜனங்கள்தானே கேட்டார்கள், அதற்கு மட்டும் ஏன் பிரச்சனை வரவில்லை என்று கேட்டேன். "சார், டோக்கன் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பௌர்ணமி வந்தால் இன்னும் கேவலம். பாதை முழுக்க ஜனம் நடப்பதால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். சரி, நடக்கிறவர்களுக்கு நடுவே பஸ் ஓட்ட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் பாலத்தில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், அன்றைக்குத்தான் கட்டணமும் ஜாஸ்தி. பஸ்ஸுக்கு என்று ஜாஸ்தியாகக் காசு வாங்குகிற நாளில் பஸ்ஸே கிடையாது. கம்பு தூக்குகிறவனிடம் கேட்டால் "மேல கேளுங்க" என்பான். மேலே என்றால் மலை உச்சியிலா?

கொஞ்ச நாளில் இரண்டு பஸ்ஸில் ஒன்று காணாமல் போனது. ரிப்பேர் என்றார்கள். மிச்சமிருந்த ஒன்றும் நினைத்த நேரத்துக்கு வந்தது. தங்கைக்குத் தினமும் தாமதமானது. காபிக் கடைக்காரம்மா நல்லவள்தான். "முடிஞ்ச வரைக்கும் பாத்தேன்மா. காலைல கேக் இல்லன்னா எனக்குக் கடையே இல்ல" என்று சொல்லிவிட்டு, பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள். தங்கை கடை ஏப்ரனைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவே இல்லை. எல்லோரும் தின்று முடித்த பிறகு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொள்கிறாள் என்று என் மனைவிதான் சொன்னாள். "நான் ஒண்ணுமே சொல்லலீங்க, சத்தியமா" என்று சொல்லி அழுதாள். பாலத்தில் காசு நீட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பலகை மேல் காறித் துப்ப வேண்டும் என்று வாயில் எச்சில் ஊறும். துப்பினால் கொட்டகைக்காரர்களோடு சண்டை வரும், லோடு கெட்டுப்போகும் என்று அடக்கிக்கொள்வேன். என்றைக்காவது ஒரு நாள் துப்பியே தீருவேன் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் பெரிய மனிதர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி சும்மாதானே இருக்குது? பாலத்து வசூல் குத்தகைய இப்ப என் மச்சான்தாம்பா எடுத்திருக்கான். பொம்பளைங்க உக்காந்தா தகராறு கம்மியாவும்னு பாக்கறான். உக்காந்தே செய்யற வேலை. வண்டி வூட்டாண்ட வந்து ஏத்திக்கும், கொண்டாந்தும் வுடும்."

அவர் போனதும் நான் குதித்தேன். "வேணாம்னு சொல்லிடு. அந்தாளு மூஞ்சிலயே முழிக்கக் கூடாது."

"அவர் மூஞ்சிய நான் இன்னாத்துக்குப் பாக்கறேன்? சீட்டு கிழிச்சா போதும்ணா" என்றாள் தங்கை.

"உன் வேலைய கெடுத்ததே அந்தாளுதான், மறந்துட்டியா?"

"மறக்கல. அதுக்குன்னு எத்தினி நாளு நின்னுக்கினே சாப்புடுவேன்?"

மறுநாள் லோடுக்கு லீவு விட்டுவிட்டு, அவளை ஏற்றிவிட நானும் தெருமுனையில் நின்றேன். வந்த வண்டியைப் பார்க்க வேண்டுமே! ரிப்பேர் என்று சொன்னார்களே, அதே பஸ். மலைப் படத்துக்கு மேலே 'பணியாளர் வாகனம்' என்று தாள் ஒட்டியிருந்தது. பளபளவென்று கழுவி, நேரத்துக்கு வந்து நின்றது. தங்கை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் டிரைவர் வண்டியை அப்படியே திருப்பினான். செங்கம் ரோட்டில் இன்னும் சில பெண்களை ஏற்ற வேண்டுமாம். ஆகவே எதிர்ப் பக்கமாகப் போனது, பெரிய மனிதர் வீட்டைத் தாண்டி. அவர் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

நேராக அவரிடம் போனேன். "இன்னாங்க, எதிர்ச் சுத்தா போவுது? பாவம் ஊருக்கே வந்து சேரும்னீங்களே?"

அவர் வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "அது பப்ளிக் பஸ்ஸு இல்லப்பா, ஸ்டாஃப் வண்டி" என்றார். கொஞ்சம்கூடக் கூசவில்லை அந்த மனிதருக்கு. மண்டபத்தில் அரோகரா போட்டவர்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் வண்டி எப்படி இருந்தது என்று தங்கையைக் கேட்டேன். "கரெக்டா ஆசிரமத்தாண்ட நிக்குதுண்ணா, நம்ம காபிக் கடை சந்துக்கு நேரா. ஜன்னல்ல கேக் வாசனை வருது" என்றாள். கொஞ்ச நேரம் காலை நீவிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு பட்டை ஜாஸ்தி போடுது" என்றாள்.

மறுநாள் காலை லோடோடு பாலத்துக்கு வந்தேன். கம்பு இறங்கியிருந்தது. கொட்டகை ஜன்னலுக்குள்ளே, அந்தச் சிரிக்கிற பஸ் படத்துக்குக் கீழே, காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு என் தங்கை உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள்.

"என்கிட்டயேவா?" என்றேன்.

"உன்ன சும்மா வுட்டா என் கூலில புடிச்சிக்குவாங்கண்ணா."

கொடுத்தேன். சீட்டைக் கிழித்துத் தந்தாள். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். அவள் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் குனிந்து, "அண்ணிகிட்ட சொல்லு, எனக்கும் சேத்து தட்டு வெக்கச் சொல்லு. இன்னிக்கு உங்களோட உக்காந்து சாப்புடறேன்" என்றாள்.

கம்பு மேலே ஏறியது. பலகை பக்கத்திலேயே இருந்தது, எட்டினால் படும் தூரம். வாய் நிறைய ஊறியிருந்த எச்சிலை விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.