திரும்பும் நாள்

சுதந்திர தினத்தன்று மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கறுப்புக்கொடிப் போராட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பஸ் நிற்கும்போதெல்லாம் படத்தில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

என் மடியில் இருந்த மகளின் கையில் முன்பள்ளியில் கொடுத்த தேசியக் கொடி இருந்தது.

“அத மடிச்சு வை புள்ள. என்ட மகன்ட முகத்துக்கு நேர ஆட்ட வேணாம்,” என்று அவர் என்னிடம் சொன்னார்.

பறித்துப் பைக்குள் வைத்தேன். பிள்ளை அழுதாள். அவளை அடக்க, விண்வெளிக்கு ஆட்களை ஏற்றிப் புறப்பட்ட ராக்கெட்டைப் போனில் காட்டினேன். பின்சீட்டு இளைஞர்களும் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

“இந்த ஆக்கள் எப்ப திரும்பி வருவாங்களாம்?” என்று அந்தத் தாய் கேட்டார்.

“நாள் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க அம்மா.”

“என்ட மகன விசாரிச்சிட்டு விடுறம் எண்டு கூட்டிட்டுப் போனாங்க. எப்ப விடுவீங்க எண்டு நான் கேக்கல்ல. உன்னப் போல படிச்சிருந்தா கேட்டிருப்பன். நீங்க கைதட்டுங்க, பிறகென்ன.”

இறங்கும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது காலையில் மகளை முன்பள்ளியில் விடும்போதெல்லாம், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று ஆசிரியையிடம் கேட்கிறேன். எனக்குத் தெரிந்த நேரம்தான். அவர் வாயால் சொல்லும்வரை வாசலைவிட்டு நகர முடிவதில்லை.