பத்து நாளும் எங்கள் உபயம்

என் சின்னம்மாவுக்கு மடிக்கணினி மேல் அதுவரை எந்த மரியாதையும் இருந்ததில்லை. யாரும் தொடாமலே திரையில் அம்புக்குறி நகர்ந்து, ஒரு கட்டத்துக்குள் போய் நின்று, எங்கள் வீட்டு முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ததைப் பார்த்த அன்றுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரு செய்றா?"

"ஏஐ, சின்னம்மா. நாம என்ன வேணும்னு சொன்னா போதும். அதுவே பிரவுசரைத் திறந்து எல்லாம் செஞ்சிடும்."

"சம்பளம்?"

"இல்ல."

"எம்சி, மெடிக்கல் லீவு?"

"கேக்காது."

கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்படி ஓர் ஆள் தன் லைனில் கிடைக்காமல் போய்விட்டதே என்ற வருத்தம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

நான் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க இணையப் பக்கங்களில் கட்டங்களை நிரப்புவதுதான் என் பிழைப்பு. முதலாளி அந்த ஏஐயைக் கொண்டுவந்தபோது நான் நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டிலும் ஒன்றை வைத்துக்கொண்டு கண்டதையும் செய்யச் சொன்னேன். காருக்கு ரோட் டாக்ஸ் புதுப்பித்தது. பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடைகளின் தளங்களை எல்லாம் மேய்ந்து வந்து விலை சொன்னது. 'நான் ரோபோ இல்லை' என்று டிக் போடச் சொல்லும் கட்டம் வந்தால் மட்டும் நின்றுவிடும். இதை நீங்கள்தான் அழுத்த வேண்டும் என்று பணிவாக எழுதும்.

"பொய் சொல்ல மாட்டேங்குது பாரு," என்றார் சின்னம்மா. அன்றிலிருந்து அது அவருக்குத் தம்பி ஆகிவிட்டது. தம்பி வேலை செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று பார்ப்பார். பழக்க தோஷம்.

சின்னம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது அவருக்கு ஒரு குறையாக இருந்ததே இல்லை, கோயில் விஷயத்தைத் தவிர. கிள்ளானில் எங்கள் அம்மன் கோயிலில் வருடா வருடம் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளின் பூசையையும் ஒரு குடும்பம் ஏற்று நடத்தும். அதுதான் உபயம். அன்றைக்கு உபயகாரர் கருவறைக்கு நேர் எதிரில் நிற்பார். குருக்கள் அவர் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்து மாலை போடுவார். பத்து நாளும் பத்துக் குடும்பங்களுக்குத் தாத்தா காலத்திலிருந்து பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. அந்தப் பத்து நாளும் சின்னம்மா மடைப்பள்ளிக்குப் பின்னால் உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டுவார். எனக்கும் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் நிர்வாகத்தில் ஒரே பதில்தான்: "குடும்பமா இருந்தா பாக்கலாம் அக்கா. நீங்க ஒத்த ஆளு."

ஒரே ஒரு தடவை முன்னால் நின்று தன் பெயரைக் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. அதை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் கோயிலுக்குப் புதுச் செயலாளர் வந்தார். இளைஞர், கணினித் துறைக்காரர். உபயப் பதிவு இனி இணையத்தில், முந்துகிறவர்களுக்கே நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் தளம் திறக்கும், பணத்தைப் பிறகு கோயில் அலுவலகத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் போட்டார். அந்தப் பத்துக் குடும்பங்களும் அலட்டிக்கொள்ளவே இல்லை. தங்கள் நாளை யார் தொடப் போகிறார்கள்? சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலமாகப் பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை நான் தம்பிக்கு உத்தரவு கொடுத்தேன். முதல் நாளுக்குப் பதிந்து பார். கிடைக்காவிட்டால் இரண்டாம் நாள். அதுவும் கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த நாள். ஒன்று கிடைத்ததும் நிறுத்து. அது தளத்தைத் திறந்தது, எங்கள் முகவரியைப் போட்டது, தொலைபேசி எண்ணைப் போட்டது. 'குடும்பத் தலைவர் பெயர்' என்ற கட்டத்தில் நின்று, யார் பெயரைப் போடுவது என்று என்னைக் கேட்டது. நான் திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தேன்.

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "என் பேரப் போடச் சொல்லு," என்றார். தம்பி மறுபேச்சு இல்லாமல் போட்டது.

தளம் நத்தை மாதிரி ஊர்ந்தது. பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று நாங்கள் பசிக்கு நாசி லெமாக் சோறு வாங்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் திரையில் அறிக்கை காத்திருந்தது. 'முதல் நாளுக்கு உறுதிப் பக்கம் வரவில்லை. எனவே இரண்டாம் நாளை முயன்றேன். அதற்கும் வரவில்லை. எனவே மூன்றாம் நாளை முயன்றேன்.' இப்படியே வரிசையாகப் போய், 'எந்த நாளும் கிடைக்கவில்லை, வருந்துகிறேன்' என்று முடிந்திருந்தது.

சின்னம்மா பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அவர் கைப்பேசி ஒலித்தது. வாழ்த்துகள், முதல் நாள் உபயம் உங்களுக்கு உறுதி செய்யப்பட்டது. நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்து முடிப்பதற்குள் மறுபடி ஒலித்தது. இரண்டாம் நாள் உறுதி. மறுபடி. மூன்றாம் நாள். கோயில் தளம் ஒவ்வொரு பதிவையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது; பதில் அனுப்பத்தான் அதற்குத் தெம்பு இல்லை. குறுஞ்செய்திகள் வந்து விழ விழ நான் சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாமா? தேர் நாளுமா?" என்றார் சின்னம்மா.

"தேர் நாளும்தான்."

அவர் நாசி லெமாக்கைப் பிரித்து, சம்பலைப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். இடையிடையே தோள் மட்டும் குலுங்கியது.

சாயங்காலம் செயலாளர் கூப்பிட்டார். "அக்கா, பத்து நாளும் உங்க பேர்ல வந்திருக்கு. சிஸ்டம் எரரா?"

"எரர் எல்லாம் இல்ல தம்பி. பேரு சரியாத்தான் இருக்கு."

அதன் பிறகு அந்தக் கைப்பேசிக்கு ஓய்வே இல்லை. கோயிலில் தலையைக்கூட ஆட்டாதவர்கள் எல்லாம் அழைத்து, "அக்கா சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. சின்னம்மாவுக்கு இல்லை. ஒரு வாரம் முழுக்க வீட்டில் ராணி மாதிரி உலாவினார். ஆனால் பத்தையும் வைத்துக்கொள்வது அடாவடி என்று அவருக்கும் தெரியும். ஒரு நாள் தம்பியைத் திறக்கச் சொல்லி, திருப்பிக் கொடுக்க உட்கார்ந்தார்.

ஒவ்வொரு நாளுக்கும் தம்பி, நிச்சயமாக ரத்து செய்யலாமா என்று கேட்டது. "செய்யி," என்றார் சின்னம்மா. நான்காம் நாள், 'ஒத்த ஆளு' என்று சொன்ன மனுஷருடையது. அதற்கு மட்டும் எழுந்து போய், பால் இல்லாமல் தே ஓ கலக்கி, பாதியைக் குடித்துவிட்டு வந்துதான் "செய்யி" என்றார். ஒன்பதும் முடிந்ததும், கடைசி நாளான தேர் நாளையும் ரத்து செய்யட்டுமா என்று கேட்டது.

"அது இருக்கட்டும்."

தேர் நாள் ஒரு லோரி கம்பெனிக்காரருடையது. மறுநாள் அவர் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பழத்தட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். தட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. சின்னம்மா வாய்தான் பெரிது. வீடு தேடி வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாது.

"தங்கச்சி, அது எங்க தாத்தா காலத்து நாளு."

"தெரியும்ணே. ரொம்ப வருஷமா உங்க நாளுக்கு நான்தான் காய் வெட்டுறேன்."

அவர் சின்னம்மாவை நிமிர்ந்து பார்த்தார். மடைப்பள்ளிக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இந்த ஒரு வருஷம்தான் லா அண்ணே," என்றார் சின்னம்மா. "எனக்கு என் பேர அங்க கேக்கணும். அடுத்த வருஷம் உங்க நாளு உங்களுக்கு."

வந்தவர் தேநீரை முழுக்கக் குடித்து முடித்தார். "அப்போ அன்னிக்கு காய் யாரு வெட்டுவா?" என்று கேட்டார்.

"நீங்கதான்."

எனக்குப் புரையேறியது. வந்தவர்தான் முதலில் சிரித்தார். "எத்தனை மணிக்கு வரணும்?"

தேர் நாளன்று சொன்னபடி வந்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஆளுக்கொரு கத்தி. பூசணிக்காயைச் சதுரமாக வெட்டத் தெரியாமல் தடுமாறியதைச் சின்னம்மா பட்டுப்புடவையோடு போய் எட்டிப் பார்த்து, இரண்டு திருத்தம் சொல்லிவிட்டு வந்தார்.

கருவறை முன்னால் நின்றோம். நிற்க இடமில்லாத கூட்டம். குருக்கள் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, "உபயகாரர் யாரு? ஐயாவ முன்னால வரச் சொல்லுங்க," என்றார்.

"நான்தான் சாமி."

குருக்கள் ஒரு நொடி தயங்கினார். பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். சின்னம்மா சொன்னார். குடும்பத்தில் வேறு யார் பெயர் என்று கேட்டார். சின்னம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இவளுக்கு நாளைக்கு தனியா ஒரு அர்ச்சனை வச்சுக்கலாம். இன்னிக்கு என் பேரு மட்டும்."

குருக்கள் சங்கல்பம் சொல்ல ஆரம்பித்தார். மந்திரத்துக்கு நடுவே சின்னம்மாவின் பெயர் வந்தது. ஒலிபெருக்கியில் ஏறி, கோயிலைத் தாண்டி, தேர் நிற்கும் தெரு வரைக்கும் போனது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கும்பிட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார், அடங்கவில்லை. கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. பின்னால் கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க சாமி," என்றார்.

குருக்கள் ஒலிவாங்கியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.