சால்வென்ட் மெஷினும் மாடிப் பாட்டு வகுப்பும்

மெஷின் வந்த அன்று காளிகாட் சந்துக்குள் லாரி நுழையவில்லை. பெரிய ரோட்டிலேயே இறக்கி, இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். சாய்ந்துவிடுமோ, நிலைக்கதவில் இடிக்குமோ, தள்ளுகிறவர் கால் நசுங்குமோ என்று பின்னாலேயே ஓடினேன். மாடி வராந்தாவிலிருந்து மாஷிமா எட்டிப் பார்த்தார்.

"என்ன சேகர், யானை வாங்கிட்டியா? யாரு தீனி போடுறது?"

மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. வீட்டுக்காரம்மாவைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். கீழ்த்தளத்தில் வாடகைக்கு என் பிரிண்டிங் கடை. மேலே அவர், ஒரு ஹார்மோனியம், மாலையில் பாட்டுக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள். கணவர் காலமான பிறகு அந்த வகுப்புதான் அவருக்கு எல்லாம். அவர் பெங்காலியில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் அப்பா இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் சேர்ந்தவன். இப்போது தொழிலுக்கு வரும் பையன்கள் என்னிடம் வந்து, "அங்கிள், எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

1. விசாரித்த கதை

பெரிய அளவு பிரிண்டுக்கு அன்று என் முன்னால் இருந்தவை நான்கு. சால்வென்ட் மெஷின்: மை காட்டமாக வாசனை அடிக்கும், ஆனால் வெளியே வெயில் மழையில் கிடந்தாலும் நிறம் சீக்கிரம் மங்காது, ஃப்ளெக்ஸ் பேனருக்கு அதுதான் ராஜா. ஈகோ சால்வென்ட்: வாசனை கொஞ்சம் குறைவு, வேகமும் குறைவு. லேட்டக்ஸ்: தண்ணீர் மை, சூட்டில் காயும், வாசனை இல்லை, கரண்ட் நிறைய இழுக்கும். யுவி: போர்டு மேலேயே அடிக்கலாம். அதை நான் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

ஒரு மழைக்காலம் முழுக்க விசாரித்தேன். பெஹாலாவில் ஒரு கடை, அலிப்பூரில் ஒரு கடை, பார்த்த இடத்தையே திரும்பப் போய்ப் பார்ப்பது. என் மனைவி வசந்தா சொன்னாள்: "என்னங்க, பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு கேள்வி கேக்கல."

லேட்டக்ஸ் ஷோரூமில் பிரிண்ட் வெளியே வந்ததும் சேல்ஸ்மேன் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள். "மோந்து பாருங்க தாதா. ஏதாவது வருதா?"

ஒன்றும் வரவில்லை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. "மை தெளிக்கற ஹெட் போச்சுன்னா யார் வருவாங்க?" என்றேன்.

"கம்பெனி இன்ஜினியர் வருவார்."

"பூஜை சமயத்துல?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்கள்தான் எங்களுக்கு வருஷ வருமானமே. பந்தல் கமிட்டிகள், விளம்பர வளைவுகள் எல்லாம் அப்போதுதான். அந்த நேரத்தில் மெஷின் படுத்தால் நானும் படுக்க வேண்டியதுதான். அந்தப் பழைய வீட்டு வயரிங் லேட்டக்ஸின் ஹீட்டரைத் தாங்குமா என்ற பயம் வேறு.

சால்வென்ட்டுக்கு எங்கள் சந்திலேயே பாபி என்ற மெக்கானிக் இருந்தான். "சால்வென்ட் எடுங்க சேகர்தா. சாப்பிட்டுட்டு இருந்தாலும் எச்சில் கையோட ஓடி வருவேன்" என்றான். ஓடியும் வருவான். எனக்கு அது போதும்.

2. அனுமதி கேட்டது

முன்பணம் கட்டுவதற்கு முன் மாஷிமாவிடம் போனேன். கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"மாஷிமா, இந்த மெஷின்ல மை வாசனை கொஞ்சம் வரும்."

"வாசனைதானே? நான் இலிஷ் மீன் வறுக்கறப்போ சைவக்காரன் நீ கீழே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உட்காரல? போடா, வாங்கு."

யார் என்ன தைரியம் சொன்னாலும் நம்பாதவன் நான். டாக்டர் ஒன்றுமில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போகிறவன். ஆனால் மாஷிமா சொன்னதை அப்படியே நம்பினேன். ஏனென்றால் எனக்கு வேண்டிய பதில் அதுதான்.

3. முற்றத்தில் காயப்போட்டது

எக்ஸாஸ்ட் ஃபேனை முதலில் சந்துப் பக்கம்தான் வைத்தேன். எதிரே சந்தேஷ் விற்கும் இனிப்புக் கடை. கடைக்காரர் வந்து கத்தினார். "மோஷாய், என் சந்தேஷ்ல உங்க மை வாசனை அடிக்குது! கஸ்டமர் திருப்பிக் கொடுக்கறான்!" பயந்துபோய் ஃபேனைக் கழற்றி, வீட்டின் உள்முற்றத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். அங்கே சண்டைக்கு வர ஆளில்லை. முற்றத்துக்கு மேலே மாடி வராந்தா. வராந்தாவில்தான் பாட்டு வகுப்பு.

அதோடு நிற்கவில்லை. மழைக்கால ஈரத்தில் பிரிண்ட் சீக்கிரம் காயாது. காயாமல் சுருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டி நிறம் உரிந்து வரும். அதனால் மாடி வராந்தாக் கம்பியில் கிளிப் போட்டு நீள நீளமாக பேனர்களை முற்றத்துக்குள் தொங்கவிட்டேன். நல்ல யோசனை என்று பாபியிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

மாலையில் மேலே ஹார்மோனியம் கேட்கும். கொஞ்ச நாளில் பாட்டுக்கு நடுவே இருமலும் கேட்க ஆரம்பித்தது. மழைக்காலம், ஊரே இருமுகிறது என்று நினைத்தேன். வசந்தா இட்லி கொடுக்க மாடிக்குப் போய்விட்டு உடனே இறங்கி வந்தாள்.

"நீங்க மேல போய்ச் சும்மா நில்லுங்க. கண்ணு எரியுது."

"பூஜை முடியட்டும், ஏதாவது செய்யறேன்."

"மெஷினுக்குத் தூசி படும்னு ஜன்னலையெல்லாம் சாத்தறீங்க. அவங்களுக்குச் சாத்த ஜன்னலாவது இருக்கா? திறந்த வராந்தா."

பிறகு ஒரு பெண்ணின் அம்மா கடை வாசலில் நின்று சொன்னார்: "தாதா, வீட்டுக்கு வந்தா என் பொண்ணு தலைமுடியில பெயிண்ட் வாசனை வருது." அந்தப் பெண் அதன் பிறகு வரவில்லை. பிள்ளைகள் குறைந்த மாதிரி இருக்கிறதே என்று மாஷிமாவிடம் கேட்டேன். "பரீட்சை" என்றார். இன்னொரு முறை கேட்டேன். "பூஜை லீவு" என்றார். நானும் சரி என்று இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வருஷம் வகுப்பின் ஆண்டு விழாவுக்கு நானே ஒரு பேனர் அடித்துக் கொடுத்தேன். சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. தெருக் கிளப் ஹாலில் கட்டினோம். மாஷிமா பாடினார். மேலே போகிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தார். அதே இடத்தில் மறுபடி நின்றது. அவர் ஹார்மோனியத்தை மட்டும் வாசித்து முடித்தார்.

வெளியே வந்து என் தோளைத் தட்டினார். "பேனர் பிரமாதம் சேகர். எல்லாரும் அதைத்தான் பார்த்தாங்க."

பேனர்களை அன்றே முற்றத்திலிருந்து எடுத்தேன். ஃபேனுக்குக் குழாய் போட்டுக் கூரைக்கு மேலே விட்டேன். அந்த வேலை முடிவதற்குள் வகுப்பு நின்றுபோய்விட்டது.

4. லேட்டக்ஸ் வந்த பிறகு

பல வருஷம் கழித்து லேட்டக்ஸ் வாங்கினேன். மாஷிமாவுக்காக வாங்கினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பாதிதான் உண்மை. நர்சிங் ஹோம்களும் துணி ஷோரூம்களும் வாசனையில்லாத பிரிண்ட் கேட்க ஆரம்பித்திருந்தன. வயரிங்கை ஒரு எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிவிட்டுப் போனார். வீடு எரியவில்லை. லேட்டக்ஸ் ரிப்பேரைப் பாபியே கற்றுக்கொண்டான். நான் தூங்காமல் பயந்த ஒவ்வொன்றுக்கும் சரிசெய்ய ஓர் ஆள் கிடைத்தார்.

முதல் பிரிண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"மோந்து பாருங்க மாஷிமா."

கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"இனிமே எப்பவும் இப்படித்தான். வகுப்பை மறுபடி ஆரம்பிக்கலாம்."

"யாருக்கு? பிள்ளைங்க வேற வாத்தியார்கிட்ட போய், இப்ப காலேஜும் போயாச்சு. எனக்கும் தொண்டை மேல ஏற மாட்டேங்குது. டாக்டர் வயசுங்கறார். நீ எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்காதே. டீ குடி."

வயசா, மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

"அப்பவே ஏன் சொல்லல மாஷிமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ தூங்குவியா? ஏற்கெனவே கரண்ட் போகுமா, ஹெட் போகுமான்னு பேயறைஞ்ச மாதிரி சுத்திட்டிருந்தே. உன்கிட்ட இதை வேற யாரு சொல்லுவா?"

மெஷின் பார்க்கப் போகிற பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹெட், வேகம், சர்வீஸ் எல்லாம் கேளுங்கள். ஆனால் மெஷின் விடுகிற காற்று எங்கே போய் முடிகிறதோ, அங்கே போய் ஒரு மாலை முழுக்க நின்று பாருங்கள். அங்கே இருப்பவர் பரவாயில்லை என்று சொன்னாலும் நில்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார்.

அன்று மாஷிமா டீ போட உள்ளே போனார். வராந்தா மூலையில் ஹார்மோனியம் இருந்தது. சாரல் படாமலிருக்க அதன் மேல் ஃப்ளெக்ஸ் போட்டு மூடியிருந்தார். ஆண்டு விழாவுக்கு நான் அடித்த பேனர்தான். இத்தனை வெயிலுக்கும் மழைக்கும் அந்தச் சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை.