எங்கேயாவது ஒரு மெஷினுக்கு ஞாபகம் இருக்கும்

செய்தி லாக்கருக்குள் கிடந்தது. போன் தயாரிக்கிற கம்பெனியாக இருந்தாலும் போனை உள்ளே கொண்டுபோக நமக்கு அனுமதி இல்லை. கேட் பக்கத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குப் போகவேண்டும். அன்று முதல் ஷிப்ட் முடிந்து பெட்டியைத் திறந்தால், என் வீட்டுக்காரர் வரிசையாகக் கூப்பிட்டிருக்கிறார். திருப்பிக் கூப்பிட்டேன். "மேரி நம்மள வுட்டுட்டுப் போயிடுச்சி தேவகி" என்றார். எனக்குப் பின்னால் நின்றவள் தன் பெட்டியைத் திறக்க வழிவிடச் சொல்லி முதுகில் இடித்தாள். அருள்மேரியின் உயிர் காலையிலேயே போயிருக்கிறது. கேன்டீனில் சாம்பார் உப்புக் கரிக்கிறது என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் இந்த உலகத்தில் இல்லை.

அவளோடு லைனில் நின்ற உங்களுக்கு அவள் வாய் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. சூப்பர்வைசர் கத்தினால், "மெதுவாச் சொல்லும், எங்களுக்கெல்லாம் காது நல்லாத்தான் கேக்கு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு மட்டும் யார் தலைகீழாக நின்றாலும் வரமாட்டாள். சர்ச்சுக்குப் போகிறாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். சர்ச்சுக்கும் போவாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காரணம் வேறு.

பென்னலூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை உண்டு. அதைப் பார்க்க அவள் வந்த நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அறை கேட்டு வருகிறவர்கள் தண்ணீர் வருமா, தனி மீட்டரா என்றுதான் கேட்பார்கள். இவள் எடுத்ததும், "வைஃபை உள்ள வரைக்கும் எட்டுமா?" என்றாள். என் மாமியாருக்குச் சுருக்கென்றது. "இன்னாம்மா, வூடு பாக்க வந்தியா, படம் பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டார்.

"படம் பாக்க எனக்கு எங்க நேரம் பெரியம்மா? எம் மவகிட்டப் பேசணும்."

"அதுக்கு இன்னாத்துக்கு நெட்டு? போன்ல பேசு."

"அவளுக்குக் காது கேக்காது. கையாலதான் பேசுவா. பாத்தாத்தான் பேச முடியும்."

மாமியார் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தார்.

மகள் பெயர் ஜெனி. மேரியின் தம்பி வீட்டில் வளர்கிறாள். புருஷன் விட்டுப்போன கதையை மேரி ஒரே ஒரு தடவை சொன்னாள், அதுவும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே. காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் ஜெனியைச் சேர்த்தபோது, மேரியும் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து அந்தக் கைப்பேச்சை ஒவ்வொரு சொல்லாகக் கற்றிருக்கிறாள். தம்பி வீட்டில் வேறு யாரும் கற்கவில்லை. சாப்பிடு, வா, போ, தூங்கு. அவர்கள் ஜாடை அத்தோடு சரி. ஆக, உலகத்தில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசக்கூடிய சொந்தம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தது.

போனில் இருக்கிற டேட்டாவில் பேசினால் என்ன என்று நானும் கேட்டேன். பேசிக் காட்டினாள். படம் உறைந்து உறைந்து வந்தது. ஜெனியின் கை நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி நின்றுவிட்டது. "பாத்தியா? சொல்லு பாதியில நிக்கி. வயித்தவலிங்காளா, வாத்தியார் வையிறாருங்காளா, ஒரு எழவும் தெரியல" என்றாள். வைஃபையில் அந்தக் கைகள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் சத்தமே இல்லாமல் ஒரு பெரிய அரட்டை நடக்கும். நான் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துப் பார்த்தே எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. நான் தப்பாகச் செய்தால் ஜெனி அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒருமுறை "நான் குளித்துவிட்டேன்" என்று சொல்வதாக நினைத்து எதையோ சொல்லிவைத்தேன். அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பில் என்ன சொன்னேன் என்று கேட்கவே எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. மேரியின் போன் செத்துப்போய், வேறு ஒன்று வாங்கி வந்தாள். வைஃபை பாஸ்வேர்ட் கேட்டது. அதைப் போட்டவன் என் கொழுந்தன் குமார். அவனுக்கே மறந்துவிட்டது. எங்கள் போன்களெல்லாம் இணைந்துதான் இருந்தன, ஆனால் பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் காட்டும். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர். அங்கே மெஷின் நின்றால் முதல் வேலை ரீசெட் பட்டனை அமுக்குவது. ஷிப்டுக்கு நூறு தடவை அமுக்கிப் பழகிய விரல். "மெஷின் மக்கர் பண்ணா இன்னா பண்ணுவோம்?" என்று கேட்டுக்கொண்டே மாமியாரின் ஊக்கை வாங்கி, மோடத்தின் பின்னால் இருந்த சின்ன ஓட்டைக்குள் குத்திவிட்டார்.

மோடம் பாஸ்வேர்டோடு விடவில்லை. எல்லாவற்றையும் மறந்தது. லைன் வரவே இல்லை. ஆபீசிலிருந்து ஆள் வருவதற்குள் ஞாயிறு தாண்டிவிட்டது. அந்த ஞாயிறு ஜெனி மத்தியானத்திலிருந்து தன் மாமாவின் இலவச லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளியிருக்கிறாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, நெட்தான் இல்லை என்பதை அவளுக்குப் புரியவைக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தம்பி போனில் சொல்லச் சொல்ல மேரியின் முகம் கறுத்தது.

பழுது பார்க்க வந்தவர் எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனார். கூடத்தில் கிடந்த குமாரின் லேப்டாப்பைக் காட்டி, "இந்த லேப்டாப்ல கனெக்ட் ஆகியிருந்துச்சே, இதுலயே பாஸ்வேர்ட் இருந்திருக்குமே, பாக்கலியா?" என்று கேட்டு, எங்கே இருக்கும் என்பதையும் காட்டினார். அவர் படி இறங்கும்வரை பொறுத்திருந்தாள் மேரி. அப்புறம் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, ஒரு மனுசனுக்கு மறந்துட்டுன்னா தெரிஞ்ச இன்னொரு ஆள்ட்ட கேக்க மாட்டமா? அது மாதிரிதான இதும்? எங்கயாச்சும் ஒரு மெஷினுக்கு ஞாபகம் இருக்கும்லா! அதத் தேடாம மொத்தத்தையும் அழிச்சிட்டியளே, எம் பிள்ள சோறு திங்கல தெரியுமா!" அவர் மெல்ல வாசல் பக்கம் நழுவினார். அன்று அவள் அழுததுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு அந்த வரிசையில் இருந்த வாடகை அறைகளில் யாருக்குப் பாஸ்வேர்ட் மறந்தாலும் மேரிதான். கேட்கிற முதல் கேள்வி, "ரீசெட் அமுக்குனியா?" அமுக்கியிருந்தால் வசவு இலவசம். வெல்டிங் வேலை செய்கிற ஒருவர், பக்கத்து மாடியின் வைஃபை நன்றாக வருகிறது, அதைக் கொஞ்சம் எடுத்துக்கொடு என்று கேட்டார். "ஒம்ம மெஷினுல ஒம்ம பாஸ்வேர்ட் இருந்தா எடுத்துத் தாறேன். அடுத்தவன் வீட்டுக் கொடிக்கயித்துல நம்ம சட்டை எதுக்கு?" என்று அனுப்பிவிட்டாள். அந்த ஆள் அதற்கப்புறம் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பார்.

இனி சொல்லப்போவதைத்தான் எழுதாமல் இத்தனை நேரம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மழைக்காலம். ஊரெல்லாம் காய்ச்சல். ஷிப்ட் முடிந்து வந்த மேரி பாயை விரித்துப் படுத்தாள். தொட்டால் அடுப்பாகச் சுட்டது. லீவு போடு என்றேன். "காண்ட்ராக்ட்ல இருக்கவளுக்கு லீவு ஏதுட்டி? நின்னோம்னா கேட்டுல கார்டு வேலை செய்யாது. அடுத்த பஸ்ஸுல வேற ஒருத்திய எறக்கிருவான்" என்றாள். அது பொய் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்சநேரம் கழித்து, "ஏட்டி, ஜெனியப் பாக்கணும் போல இருக்கு" என்றாள். அன்று வாரத்தின் நடுநாள். "இன்னா மேரி, நாயித்துக்கெழமை மாறிப்போச்சா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

போனை எடுத்தால் வைஃபை உள்ளே விடவில்லை. எதிர்வரிசை அறைக்காரர்களெல்லாம் ஓசியில் பார்க்கிறார்கள் என்று குமார் அன்று மத்தியானம் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விட்டான். அவன் போன் அவன் கம்பெனி லாக்கரில். ஷிப்ட் முடிகிறவரை கடவுளே கூப்பிட்டாலும் எடுக்க ஆளில்லை. மேரி பாயில் படுத்தபடியே, "லேப்டாப்புல கனெக்ட் பண்ணிருப்பான். தொற" என்றாள்.

அந்த லேப்டாப்பின் மூடி முன்பே உடைந்திருந்தது. கேமராவும் எப்போதோ போய்விட்டது. அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துத் திறந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். "கீழ மூலையில நெட் படம் இருக்கும், தொற. நம்ம வைஃபை பேர் மேல வலப்பக்கம் அமுக்கு. ப்ராப்பர்ட்டீஸ். செக்யூரிட்டி. புள்ளி புள்ளியா இருக்கா? அதுக்குக் கீழ ஒரு சின்னக் கட்டம், அதுல டிக் போடு." போட்டேன். புள்ளிகள் எழுத்துகளாயின. பயல் தன் பைக் நம்பரைத்தான் வைத்திருந்தான். "இதுக்கா இம்புட்டுப் பாடு!" என்றாள் மேரி.

பிறகு எழுந்து முகம் கழுவினாள். பவுடர் போட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பேச இரண்டு கையும் வேண்டும் என்பதால், போனை என்னைப் பிடிக்கச் சொன்னாள். ஜெனி வந்தாள், பள்ளிச் சீருடையோடு. மேரியின் கைகள் அன்று மெதுவாகப் பேசின. வேலை அதிகம், நன்றாகச் சாப்பிடுகிறேன், கிறிஸ்துமசுக்கு வருவேன், பச்சை கவுன் வாங்கி வருவேன் என்றாள். ஏன் இன்றைக்குக் கூப்பிட்டாய் என்று ஜெனி கேட்டாள். சும்மா என்றாள் மேரி. போன் அணைந்ததும் அப்படியே சரிந்து படுத்துக்கொண்டாள்.

மறுநாளும் வேலைக்கு வந்தாள். லைனில் அவள் விழுந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். கன்வேயரை நிறுத்தாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தீர்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரரும் மாமியாரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். நான் வேலைக்கு வந்தேன். எனக்கும் அதே கேட், அதே கார்டு.

உடலோடு ஊருக்குப் போனவர் என் வீட்டுக்காரர்தான். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல தேவகி. இன்னான்னு சொல்லுவாங்க, தெரிஞ்சாத்தானே? பொட்டிகிட்ட கொண்டாந்து நிக்க வெச்சாங்க. அழுவறவங்க வாயி ஒவ்வொண்ணா பாத்துக்கினே நின்னுச்சு. என் கையப் புடிச்சி இன்னாவோ கேட்டுச்சு. எனக்கு ஒரு மண்ணும் தெரியலியே" என்றார்.

என் நம்பரை அந்த வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அடுத்த ஞாயிறு மாலை என் போனுக்கு வீடியோ கால் வந்தது. ஜெனி. வழக்கமாக உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா என்றாள். நான் அரைகுறைக் கைகளால், அம்மா செத்துப்போனாள் என்றேன். தெரியும் என்றாள். எப்படி என்றாள். காய்ச்சலுக்கு என்ன சைகை என்று எனக்குத் தெரியாது. மேரி ஒருநாளும் மகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நெற்றியில் கை வைத்துச் சுட்டதுபோல் உதறிக் காட்டினேன். புரிந்துகொண்டாள். பச்சை கவுன் என்று சொன்ன அன்றைக்கே இருந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதன்பிறகு ஏன் என்று கேட்டாள். காய்ச்சலோடு அம்மா ஏன் வேலைக்குப் போனாள்?

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடம், சாப்பாடு, மாமா வாங்கிய ஆட்டுக்குட்டி, எல்லாம் பேசுகிறோம். கடைசியில் அந்த ஏன் வந்துவிடும். அருள்மேரி எனக்கு விட்டுப்போனது அவள் கைப்பேச்சில் பாதி. அதை வைத்து அவள் மகளிடம் அம்மா செத்துப்போனாள் என்று என்னால் சொல்ல முடிந்தது. காண்ட்ராக்ட், கேட், கார்டு, அடுத்த பஸ்ஸில் இறங்கப்போகிற இன்னொருத்தி, இதற்கெல்லாம் அந்தப் பேச்சில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. போனைப் பார்த்தபடி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்து, அந்தப் பக்கத்திலிருந்து ஜெனி கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறாள்.