வாங்கவே வாங்காதீங்க

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு அட்டெண்டர் அனுப்பும் ஏஜென்சியில் கோ-ஆர்டினேட்டராகச் சேர்ந்த மூன்றாம் நாள், காஞ்சிபுரம் செவிலிமேட்டிலிருந்து போன் வந்தது.

"உங்க ரெண்டாவது ஆளும் வாசல்ல நிக்கிறாங்கம்மா. அப்பா சிரிச்சிக்கினே வெளிய அனுப்பிட்டாரு."

பேசியது சுமதி அக்கா. அப்பா குமரேசன் சார், முப்பது வருஷம் பட்டுக்கடை சேல்ஸ்மேன். இப்போது டிமென்ஷியா. அக்காவுக்குக் கம்பெனி ஆபீஸில் வேலை. சம்பளமில்லா லீவும் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை போகாவிட்டால் வேலை இல்லை.

"வேற ஆள் இல்லபா, நீயே போய்ச் சமாளி" என்றார் மேனேஜர். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

ஹாலில் பாய் விரித்து, பீரோவில் இருந்த அத்தனை புடவையும் வெளியே. "வாங்கம்மா! கல்யாணத்துக்கா, சீமந்தத்துக்கா?" என்று கடையில் நிற்பதுபோலவே வரவேற்றார் சார்.

எதிர்த்துப் பேசக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவர் விரித்த முதல் புடவையையே, "சூப்பர் சார், இதையே எடுத்துக்கறேன்" என்றேன்.

சாரின் முகம் மலர்ந்தது. மடித்துக் கையில் கொடுத்தார். "பில் அந்தப் பக்கம்மா. பாத்து எறங்குங்க." கதவு சாத்திக்கொண்டது. ஐந்தே நிமிஷத்தில் நானும் வாசலில்.

ஜன்னலில் அக்கா தலை தெரிந்தது. "நீயும் வாங்கிட்டியா?"

"முன்ன வந்தவங்களும் வாங்கினாங்களாக்கா?"

"மொதப் பொடவையே."

அப்போதுதான் உறைத்தது. வாங்கி முடித்த கஸ்டமருக்குக் கடையில் என்ன வேலை?

கதவைத் தட்டி, புது ஆளாக உள்ளே போனேன். "பார்டர் பெருசா இருக்குது சார். சின்னதா காட்டுங்க."

காட்டினார். மாம்பழக் கலர், மயில் கழுத்துக் கலர். உதறி விரிக்கும் கையில் நடுக்கமே இல்லை.

"மாமியாருக்குப் புடிக்காது சார்." எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"அவங்களையும் கூட்டிக்கினு வாங்க, நான் பேசிக்கறேன்!"

மதியம், "பசிக்குது சார். நீங்களும் சாப்ட்டா மீதியப் பாக்கலாம்" என்றேன். இரண்டு நாளாகத் தட்டைத் தள்ளியவர் இரண்டு தடவை சாம்பார் கேட்டார்.

சாயங்காலம் டீ கொடுத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "உங்க சார்ஜ் என் சம்பளத்துல பாதிக்கு மேல போய்டுது. வேலைய வுட்டுட்டு வீட்ல இரு, செலவே இல்லன்றாங்க எல்லாரும். இந்த வயசுல வுட்டா திருப்பி யாரு குடுப்பா? அவரு மாத்திரை, என் பி.எஃப், எல்லாம் அதுலதானே இருக்குது."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, அன்றைக்கு நான் கற்றதைச் சொல்கிறேன்: வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டால் செலவில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தச் செலவு பில்லில் வராது, அவ்வளவுதான். நாம் அனுப்பும் ஆள் ஒரு வீட்டில் நிலைத்தால் அந்த வீட்டில் ஒருத்தரின் வேலை பிழைக்கிறது. அதனால் நோயாளியின் மாத்திரையோடு அவர் பார்த்த தொழிலையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்து அனுப்பிய மேரி அக்காவின் டூட்டி ஷீட்டில் சிவப்பு மையில் முதல் வரி எழுதினேன்: "எதையும் வாங்காதீங்க." திங்கட்கிழமை சுமதி அக்கா கம்பெனி பஸ் ஏறினார்.

மூன்று மாதம் கழித்து மேரி அக்கா போன் செய்தார். குரலில் ஒரே வெட்கம்.

"தப்பு பண்ணிட்டேம்மா. அந்தக் கத்திரிப்பூ கலரு நெஜமாவே புடிச்சிப் போச்சி. வாய் தவறி எடுத்துக்கறேன்னுட்டேன். இப்ப வாசல்ல நிக்கிறேன்."

"எக்ஸ்சேஞ்ச்னு சொல்லி உள்ள போங்கக்கா."

போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும் சத்தம். பிறகு சாரின் உற்சாகக் குரல்: "வாங்கம்மா, வாங்க! மாமியாருக்குப் புடிக்கலியா?"