வாந்திக்காரருக்கு முன் சீட்டு

டூரிஸ்ட் வேன் வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: பயணம் நல்லபடி முடிந்தால் சாமி புண்ணியம், கெட்டால் நம் தலை உருளும். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள்.

கம்பத்தில் நானும் என் அண்ணனும் சேர்ந்து ஒரு வேன் வைத்திருக்கிறோம். ஓட்டுவது அவர். பார்ட்டி பிடிப்பதும் பயணத் திட்டம் போடுவதும் நான். போன வருஷம் அண்ணன், "இனி எல்லாரும் ஏஐகிட்டயே கேட்டுப் போயிருவாக. வேனை வித்துருவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்கள் கேட்கிற ஏஐயை நானும் கேட்டுக்கொள்கிறேன், வேனை மட்டும் விற்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே பகலில் உலகம்

தேவாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், குடும்பத்தோடு மூணாறு போக வேன் கேட்டார். 'மூணாறு, குடும்பம், ஒரு நாள்' என்று மட்டும் ஏஐயிடம் கேட்டேன். அது மூணாறு, தேக்கடிப் படகு, மேகமலை மூன்றையும் ஒரே பகலில் திணித்துக் கொடுத்தது. சூரிய உதயம் பார்க்க நேரம் ஒதுக்கியிருந்தது, சோறு தின்ன ஒதுக்கவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை வேறு. படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தா, நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா இதுல எங்க வீட்டாளு ஒருத்தரையும் காணோமே."

மச்சினர் கண் திறந்தார்

விடுவேனா? ஒவ்வொரு பார்ட்டியைப் பற்றியும் எனக்காகப் போனில் குறித்து வைப்பது என் பழக்கம். மாமா வீட்டுக் குறிப்பை அப்படியே ஏஐக்குக் கொடுத்தேன். மாமாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, அத்தை சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார், மாமாவின் மச்சினருக்கு மலை ஏறினால் வாந்தி.

இந்த முறை அது அடக்கமாகப் பேசியது. மூணாறு மட்டும் போதும் என்றது. மலை ஏறுமுன் போடியில் காலைச் சாப்பாட்டை இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. மச்சினரை முன் சீட்டுக்கு மாற்றியது. திரும்பி வந்ததும் அவர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "போடிமெட்டு வளைவெல்லாம் நான் கண்ணத் தொறந்து பாத்தது இன்னைக்குத்தான் தங்கச்சி."

சவரியம்மா வீட்டுச் சண்டை

ராயப்பன்பட்டி சவரியம்மா குடும்பம் வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு எங்கள் வேனில்தான் போகும். இந்தப் பார்ட்டியும் போய்விட்டால் வேனை விற்றே தீருவேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். சவரியம்மாவும் மருமகள் டெய்சியும் அடுத்தடுத்து உட்கார்ந்தால் திண்டுக்கல் தாண்டுவதற்குள் சண்டை. அதையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். ஏஐ போட்ட சீட்டுத் திட்டத்தைப் படித்துப் பார்க்காமலே அவர்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அதில் இப்படி இருந்தது: 'மாமியார் முதல் வரிசை, மருமகள் கடைசி வரிசை. காரணம்: வழக்கமான சண்டை.'

விஷயம் தெரிந்ததும் அண்ணன் அன்றைக்கே புரோக்கருக்குப் போன் போட்டார். நான் நேரே ராயப்பன்பட்டிக்குப் போய் நின்றேன். "அனுப்புனது தப்பு, மன்னிச்சுக்கங்க. எழுதுனது பொய்யின்னா சொல்லுங்க" என்றேன். டெய்சி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். சவரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சண்டை நெசந்தான். அதுக்காக அவளைக் கொண்டுபோயிக் கடைசியில போடுவியா? அம்புட்டுத் தூரம் நான் யாருகிட்டப் பேசிட்டு வாரது? பக்கத்துலயே போடு!"

அண்ணனைப் பற்றியும்

வழிநெடுகச் சண்டை போட்டு, அடுத்த வருஷத்துக்கும் வேன் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். இப்போதெல்லாம் பெயர் போடாமல், 'காரணம் எழுதாதே' என்று ஒரு வரியும் சேர்த்துத்தான் ஏஐக்குக் கொடுக்கிறேன்.

என்னைப் பற்றி அந்தக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறாய் என்று அண்ணன் கேட்டார். 'டிரைவர் வேனை விற்கச் சொல்வார், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்' என்று வாசித்துக் காட்டினேன். முறைத்தார். பிறகு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "முன் டயரு ரெண்டையும் மாத்தணும், அதையும் எழுதிக்க."

எங்கள் வேனை வாங்க ஆசைப்படுகிறவர்கள் வேறு ஊர் பாருங்கள். நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டே வேளாங்கண்ணி போக ஆசைப்படுகிறவர்கள் மட்டும் கம்பத்துக்கு வாருங்கள்.