அமாவாசைக்குக் கைமாறிய ஜீப்

அண்ணனின் உடலைக் குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றியபோது, கழுத்திலிருந்து வலது மார்பு வரை சுருங்கி மினுங்கிய தோலை உறவினர் சிலர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தனர். தீக்காயமா என்று ஒருவர் கேட்டார். வெந்நீர் என்றேன். அந்த வெந்நீரில் பாதியை வாங்கிக்கொண்ட எங்கள் சித்தப்பா மகன், இடக்கண் பார்வை போன முகத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பை அவர்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்காடிப் பிரித்துக்கொண்டார்கள். கல்லூரியில் வரலாறு கற்பித்துவந்த நான் என் பங்கை அண்ணனிடமே விட்டிருந்தேன். மரங்களுக்கிடையே எல்லைக்கல் ஊன்றப்பட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்பை மட்டும் பிரிக்க வழியில்லை. அது இல்லாமல் பாறைகள் கிடக்கும் அந்தப் பாதையில் காய் இறக்கவும் முடியாது. ஆளுக்கொரு மாதம் வைத்துக்கொள்வது, அமாவாசையன்று தோப்பு வாசலில் கைமாற்றுவது, யார் மாதத்தில் பழுதாகிறதோ அவரே சரிசெய்வது என்று ஏற்பாடாயிற்று. அண்ணன் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். செலவுக்கு அஞ்சுபவர் அல்லர். ஆனால் வண்டி தன் கையில் செத்தது என்று சித்தப்பா மகன் டீக்கடையில் சொல்லிவிடக் கூடாது என்பதில் உயிரையே வைத்திருந்தார். அவரும் அப்படித்தான்.

ஜீப்பின் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றிவிடும் வாட்டர் பம்பின் சீல் தேய்ந்து, அடியிலுள்ள சிறு துளை வழியே தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மாற்றுவது ஒரு பகல் வேலை. அண்ணன் மாற்றவில்லை. வண்டியை ஒப்படைப்பதற்கு முன் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றினார். ரேடியேட்டரின் ஊசித்துளையை மஞ்சள் அடைக்கும் என்பது எங்கள் பக்கத்து ஓட்டுநர்களின் கைவைத்தியம். தேய்ந்த பம்புக்கு அது பயன்படாது. சொட்டு சற்றுக் குறைந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். அவன் கையில் போய் நிற்கட்டும் என்பதே அண்ணனின் எண்ணம்.

ஓர் அமாவாசையன்று, உச்சிவெயிலில், சாட்சிக்கென்று என்னையும் அழைத்துப் போயிருந்தார். சித்தப்பா மகன் சாவியை வாங்கவில்லை.

"செத்த நேரம் ஓடட்டும்ணே. பொறவு வாங்குதேன்."

"நம்பிக்கை இல்லையாலே?"

"உம்ம மேல இருக்கு. வண்டி மேலதான் இல்ல."

பானட்டைத் திறந்து குனிந்தார். பம்பிலிருந்து இரும்பு அரைபடும் ஓசை வந்தது. "பேரிங் போயிட்டு. உம்ம மாசத்துலயே போயிட்டு" என்று சிரித்தார். அண்ணன் வீல் ஸ்பேனரை எடுத்து அவர் முதுகில் அடித்தார். எலும்பில் இரும்பு இறங்கிய ஓசையை இன்றும் என்னால் தனியே பிரித்துக் கேட்க முடிகிறது. திரும்பியவர் அண்ணனின் கழுத்தைப் பற்றி, முகத்தை ஜீப்பின் விளிம்பில் மோதினார். பல் உடைந்தது. இடையில் புகுந்த என்னை யாருடைய முழங்கையோ தரையில் தள்ளியது. ஓடும் எஞ்சினின் மேலேயே அவர்கள் கட்டிப் புரண்டபோது பம்பின் தண்டு முறிந்தது. அந்த வண்டியில் ஃபேனும் அதே தண்டில்தான் மாட்டியிருக்கும். அது முன்னால் பாய்ந்து ரேடியேட்டரை அறுத்தது. கொதித்த மஞ்சள் நீர் சீறி இருவர் மீதும் அடித்தது. தலைமுதல் இடுப்புவரை மஞ்சளாக, ஒருவர் சட்டையை மற்றவர் அப்போதும் விடாமல் அலறினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனைக்கு வந்த காவலரிடம், வண்டி வெடித்தது என்று இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். சித்தப்பா மகனின் இடக்கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் தளவாய்புரத்து மெக்கானிக் புதுப் பம்பு மாட்ட வந்தபோது, அடுத்தவரை வண்டியோடு தனியே விட நம்பிக்கையின்றி இருவரும் கட்டுகளோடு வந்து நின்றார்கள். பழைய பம்பைப் பிளந்து காட்டினார் மெக்கானிக். உள்ளே மஞ்சள் கெட்டியாக அப்பியிருந்தது.

"ரெண்டு பேரும் சேந்து சாம்பார்லா வச்சிருக்கீக."

"நான் ஒரு பொட்டலந்தான போட்டேன்" என்றார் அண்ணன்.

"நானும் ஒண்ணுதான் போட்டேன்" என்றார் மற்றவர்.

அண்ணன் சிரித்தார். சிரித்தபடியே அவர் கன்னத்தில் அறைந்தார். அவரும் திருப்பி அறைந்தார். மெக்கானிக் நிமிர்ந்து பார்க்காமல் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகும் அமாவாசைதோறும் அவர்கள் வசைபாடிக் கைமாற்றிக்கொண்டார்கள். அண்ணன் இறந்தது மற்றவரின் மாதத்தில். குளிப்பாட்டி முடித்ததும் அவர் உள்ளே வந்து, கட்டில் சட்டத்தைக் கை சிவக்க அறைந்தார். "ஏண்ணே, என் மாசம் பாத்துத்தான் போவணுமா" என்றார்.

அடுத்த அமாவாசைக்கு, அண்ணனின் முறை இனி என்னுடையது என்று ஜீப்பை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு ஓட்டத் தெரியாதே என்றேன். "தெரியாட்டி நிக்கட்டும். உன் மாசம் உன் மாசந்தான், தம்பி." அவர் போன பின் குனிந்து பார்த்தேன். பம்பு மறுபடி சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கை வரவழைத்து மாற்றச் செய்தேன். மறு அமாவாசைக்கு மெக்கானிக்கையே ஓட்டிவரச் சொல்லித் தோப்பு வாசலில் ஒப்படைத்தேன். சித்தப்பா மகன் பானட்டைத் திறந்தார். புதுப் பம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் சட்டையைக் கொத்தாகப் பற்றி உலுக்கினார், பொத்தான்கள் தெறித்தன.

"யாரு ஒன்ன மாத்தச் சொன்னா? ஒழுகுதுன்னு தெரிஞ்சுதான விட்டுட்டுப் போனேன். அவிய இருந்தா அப்படியேல்லா திருப்பி விட்டிருப்பாக."

ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிடி தளரவில்லை. நானும் விலக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.